மேப்படி வீடு

தம்பி அமர்நாத் அவர்களுக்கு,

பெருமாட்டியிலிருந்து குப்பண்ணன் வணக்கத்தோடு சொல்லி எழுத வைப்பது. மெல்போர்னில் நீங்களும் வீட்டம்மா சுஷ்மாவும் பிள்ளை அத்வைத்தும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி தவிர வேறு குறை இல்லை. எனக்கு முட்டி தவிர மற்ற எல்லா இடத்திலும் வலி. ஆக மொத்தம் இருவரும் சுகம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தை நம்பரில் சொல்லவும் வராது. ஆனால் எந்த வருஷம் எது நடந்தது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இப்போது சொல்லப்போகிற விஷயம் மலையாளத்து எல்லையில் வாளையார் கேட்டை மூடிய வருஷம் நடந்தது. வடக்கே வெட்டுக்கிளி வந்து பயிரை மேய்கிறது என்று டிவியில் காட்டிய வருஷம். கல்யாணத்துக்கு ஆளை எண்ணி உள்ளே விட்ட வருஷம். என் சம்சாரம் வள்ளியாத்தாள் போய் முதல் திதி முடிந்திருந்தது. வைகாசி பிறந்து நாலாம் நாள், திங்கட்கிழமை.

அதற்கு முன்னால் ஒன்று. இந்தக் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பள்ளிக்கூடம் போகாத நாளுக்கெல்லாம் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்த கைதான். எழுத மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். “என் பிள்ளைக்கு எதிரா என் கையாலயே எழுதச் சொல்றேளா?” என்று கேட்டார். “எதிரா இல்லீங்க மாமி, நேரா” என்றேன். அதற்குப் பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் படித்துக் காட்டச் சொல்கிறேன். இதுவரை ஒரு வாக்கியத்தை விழுங்கினார், பிடித்துவிட்டேன். எனக்குக் கண் மங்கினாலும் ஞாபகம் மங்கவில்லை.

விஷயம் இதுதான். தை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, அம்மாவைக் கோயமுத்தூரில் ஒரு முதியோர் விடுதியில் சேர்க்கப் போவதாகப் போனில் சொன்னீர்கள். காது மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது, தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டது. “பேச்சியம்மாவும் போயாச்சு. அந்த டிரைவர் பாதி நாள் லாரியில. இனிமே நீயும் அந்தப் பெரியவரும் மட்டும் ஒரே வீட்ல இருந்தா பாக்கறவா என்ன சொல்லுவா? அவர் உனக்கு யாரும்மா?” என்று கேட்டீர்கள்.  உங்கள் அம்மா விடுதிக்கு மட்டும் “சரிடா” என்றார். அந்தச் சரியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் கேட்ட கேள்விக்கும் நானே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வைகாசியில் என் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தது. என் மகன் மோகனசுந்தரம் திருப்பூரில் இருக்கிறான். அவன்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் எல்லாம் செய்தான். வாளையார் வந்ததும் காரை அந்தப் பக்கமே நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து, “அப்பா, இதுக்கு மேல என்னைய உட மாட்டாங்க, நீங்க நடந்து போயிருங்க” என்றான். அவன் மேல் குறை இல்லை. எல்லாருக்கும் பயம். ஒற்றைக் கண்ணோடு கேட்டைத் தாண்டி, தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே போய் வரிசையில் நின்றேன். அந்தக் கண்ணிலும் புரை.

எனக்குப் பின்னால் பேச்சியம்மாள். மலைமேல் சின்னக்கானலில் முப்பத்தாறு வருஷம் தேயிலை கிள்ளியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருக்கிறாள். மகளுக்கும் மருமகனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒற்றை அறை. படுக்க இடமில்லாமல் திரும்பிப் புறப்பட்டுவிட்டாள். மலைக்கு ஏறுகிற சின்னாறு வழியை அடைத்துவிட்டார்கள், வாளையாருக்குப் போ என்று அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் ஷிஜு, திருச்சூர்ப் பக்கத்து லாரி டிரைவர். நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி, கோயமுத்தூரில் இறக்கிவிட்டு வந்தவன். வாடகை அறைக்காரர் இந்தப் பக்கமே வராதே என்று போனில் சொல்லிவிட்டாராம். கடைசியில் உங்கள் அம்மா. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் புடவை சுற்றிய காப்பி பில்டர். கோயமுத்தூரில் உங்கள் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தவர். கல்பாத்தியில் தெரிந்தவர் மாடியில் இருந்துகொள்ளலாம் என்று கிளம்பியிருந்தார். நீங்கள் ஒருவேளை மறந்திருப்பீர்கள்.

மேசை போட்டு உட்கார்ந்து பேர் எழுதியது சிஞ்சு டீச்சர். பள்ளிக்கூடம் இல்லாததால் டீச்சர்களை அந்த வேலைக்குப் போட்டிருந்தார்கள். தங்கமான பெண். பேர், வயசு எழுதிவிட்டு, வீட்டுப்பேர் என்ன என்று கேட்டாள். மலையாளத்து வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் உண்டு. எங்கள் கிழக்குப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு அது கிடையாது. “ஊட்டுக்கு எதுக்குங்க பேரு? ஊடுன்னா ஊடுதானுங்க” என்றேன். பேர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வாங்காது என்றாள். வாசலில் நெல் அடிக்கிற களம் இருக்கிறது என்றேன். ஏதோ எழுதிக்கொண்டாள்.

பேச்சியிடம் கேட்டதற்கு, எஸ்டேட் வீட்டுக்கு நம்பர்தான், அந்த நம்பரும் போன மாதத்தோடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றாள். ஷிஜு, என் வீட்டுப்பேர் லாரி நெற்றியில் எழுதியிருக்கிறது, போய்ப் பாருங்கள் டீச்சர் என்றான். உங்கள் அம்மா கல்பாத்தியில் உங்கள் வீட்டுப் பேரைச் சொன்னார். அதை நீங்கள் விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் வாய்க்கு அந்தப் பேர்தான் வந்தது. டீச்சர் அங்கே போன் போட்டு விசாரித்தாள். இப்போது இருப்பவர்கள் அப்படி யாரும் இங்கே கிடையாது என்றார்கள். மாடிக்காரர்களுக்குப் போட்டாள். நோய் என்று தெரிந்தால் தெருவையே மூடிவிடுவார்கள், தயவுசெய்து வேண்டாம் என்றார்கள். இந்த இடத்தில் உங்கள் அம்மா பேனாவை வைத்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனார். அடுப்பில் பால் இல்லை. இப்போது வந்து உட்கார்ந்துவிட்டார். மேலே சொல்கிறேன்.

தனியாகப் பதினாலு நாள் இருக்க இடம் இல்லாதவர்களைப் பாலக்காட்டுக்கு முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கான வண்டி வரவில்லை. வெயில். பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் டீச்சரிடம், “என் ஊட்ல நாலு ரூமு இருக்குதுங்க. மூணு சும்மாதான் கெடக்குது” என்றேன். டீச்சர் என்னையும் பார்த்தாள், அவர்களையும் பார்த்தாள். இவர்கள் உங்களுக்கு யார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள் போல. கேட்கவில்லை. குனிந்து எழுதினாள். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவள் வழக்கம். பேச்சியம்மா, மேப்படி. ஷிஜு, மேப்படி. உங்கள் அம்மா பேர், மேப்படி.

என் வீட்டுக்கு டீச்சர் பேர் வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பேராகத்தான் பட்டது. மூன்றாம் நாள் சுகாதார ஊழியர் செல்வப்பிரியா கதவுக்கு வெளியே நின்று, வீட்டுப்பேர் என்ன தாத்தா என்று கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்தி, “மேப்படிங்க” என்றேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் கழன்றுவிட்டது. உள்ளேயிருந்து உங்கள் அம்மா சொன்னார்: “அது பேரில்லை. மேலே எழுதினதேதான் இதுக்கும்னு அர்த்தம். மேற்படி.” எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் களத்தில் நின்று யோசித்தேன். திரும்பி வந்து, “அப்பறம் என்னங்க தப்பு? எனக்கு என்னவோ அதேதானுங்க இவிங்களுக்கும்” என்றேன். மறுநாள் ஷிஜு, மாட்டுக் கொம்புக்கு அடித்து மீதியிருந்த நீலப் பெயிண்டை எடுத்து வாசல் தூணில் எழுதிவிட்டான். தபால்காரருக்கு இன்றைக்கும் அந்தப் பேர்தான். நீங்கள் அனுப்பச் சொன்ன விடுதி விண்ணப்பப் பாரமும் அந்தப் பேருக்குத்தான் வந்தது.

ஒரே வீட்டில் இருந்தோம் என்றால் ஒற்றுமையாக இருந்தோம் என்று நினைக்காதீர்கள். உங்கள் அம்மா வெங்காயம் பூண்டு தொட மாட்டார். ஷிஜு அந்த வெங்காய லோடில் மிஞ்சிய ஒரு மூட்டையை எங்களுக்கென்று இறக்கி வைத்திருந்தான். பேச்சி கருவாட்டை வறுத்தால் உங்கள் அம்மா கிணற்றடிக்குப் போய்விடுவார். அடுப்பை இரண்டாகப் பிரித்தோம். காப்பிக்கும் டீக்கும் நடந்த சண்டை தனி. பேச்சி காப்பியைக் கருகின தண்ணி என்பாள். உங்கள் அம்மா டீயைப் பாத்திரம் கழுவின ஜலம் என்பார். இதில் எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

கண் மருந்துதான் எங்களை ஒன்றாக உட்கார வைத்தது. மூன்று புட்டி, மூன்றும் ஒரே மாதிரி. ஒன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒன்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒன்று இரண்டு வேளை. எனக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் அம்மா லேபிளைப் படிப்பார். ஷிஜு போனில் மணி வைப்பான். பேச்சிதான் விடுவாள். முப்பத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளிய விரல், ஆடாது. ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு. அன்றைக்கு மூவரில் ஒருவர் இல்லையென்றால் எனக்கு இந்தக் கண் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஷிஜுவுக்குக் காய்ச்சல் வந்தது, டெஸ்ட்டில் நோய் என்று வந்தது. அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு இன்னும் பதினாலு நாள் போட்டார்கள். உங்கள் அம்மா அவன் திரும்பும்வரை தினமும் போன் போட்டு, “சாப்பிட்டியாடா” என்று கேட்டார். அவனை அப்படிக் கேட்க அதுவரை ஆள் இருந்ததில்லை. அம்மா இல்லாமல் வளர்ந்தவன்.

இருபத்தெட்டாம் நாள் செல்வப்பிரியா வந்து கதவில் ஒட்டிய தாளைக் கிழித்து, இனி எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போகலாம் என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பேச்சிக்குப் போக வீடில்லை. ஷிஜு லாரியை எடுத்துக்கொண்டு போனான். பதினோராம் நாள் மாம்பழக் கூடையோடு திரும்பி வந்தான், அறையைக் காலி செய்துவிட்டேன் என்றான். உங்கள் அம்மா உங்களுக்குப் போன் போட்டார். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. “பிளைட்டே இல்லை. இப்போதைக்கு எங்கேயாவது இரும்மா.” தம்பி, அந்த எங்கேயாவதுதான் இந்த வீடு. எங்கேயாவது இரு என்று சொல்லி ஐந்தரை வருஷம் ஆயிற்று. அவர் இருந்துவிட்டார். இப்போது வந்து, ஏன் அங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எப்படி?

பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று கேட்டீர்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த ஆடியிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். பங்காளி வீட்டு முத்தாத்தாள் கிணற்றுக்கு வந்த சாக்கில், “ஏனுங் மாமா, ஊட்டச் சத்திரமாக்கிப் போட்டீங்களாமா?” என்று கேட்டாள். “ஆமாயா. ஒரு கட்டல் பாக்கி இருக்குது, நீயும் வர்றயா?” என்றேன். இப்போது அவளே மாதம் இரண்டு தடவை கால்வலி என்று வந்து அந்தக் கட்டிலில்தான் படுக்கிறாள். மோகனசுந்தரமும் சண்டைக்கு வந்தான். யார் யாரையோ வைத்திருக்கிறீர்கள் என்றான். அம்மாவின் அறையை இவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்களே என்றான். “உங்கம்மா ரூம்ல மழை ஒழுகுனப்ப நீ வந்தயா? ஷிஜுதான் ஓடு மாத்துனான்” என்றேன். ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு வந்தான், மருமகள் யோகப்பிரியாவோடு. உங்கள் அம்மா வைத்த சாம்பாரை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

பேச்சி போன ஐப்பசியில் போனாள். ஆறு நாள் காய்ச்சல். அவளைத் தொட்டுத் துடைத்து, தலை வாரி, கடைசி டம்ளர் டீயைப் போட்டு ஸ்பூனில் ஊட்டியது உங்கள் அம்மா. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னும் டீ போடத் தெரியல, என்னத்தப் படிச்சீக” என்று சொன்னாள். அதற்கப்புறம் பேசவில்லை. இப்போது மூன்று மணியானால் உங்கள் அம்மா டீ போடுகிறார். நான் வாங்கிக் குடிக்கிறேன். காப்பி பில்டர் காலையில் மட்டும்தான் இறங்குகிறது.

நீங்கள் போனில் பேசிய மறுநாளே அவர் பையை எடுத்து வைத்தார். இரண்டு புடவையை மடித்து உள்ளே வைத்தார், எடுத்தார், வைத்தார். விடுதிப் பாரத்தைப் படித்துச் சொல்லுங்கள் மாமி என்றேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மகன் என்ற இடத்தில் உங்கள் பேர் இருந்தது, நல்லது. ஆபத்து என்றால் உடனே கூப்பிட வேண்டிய பக்கத்து ஆள் என்று ஒரு கட்டம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நீங்கள் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டீர்கள். எழுத ஆள் இல்லை. கூப்பிட்டால் வர ஒரு ஆள் இல்லாத ஊருக்கு இவரை எதற்குத் தம்பி அனுப்ப வேண்டும்? இங்கே கூப்பிட்டால் நான் வருவேன், மெதுவாக வருவேன். முத்தாத்தாள் ஓடி வருவாள். செல்வப்பிரியா ஸ்கூட்டரில் வருவாள். ஷிஜு நாக்பூரில் இருந்தாலும் லாரியைத் திருப்பிவிடுவான்.

அவர் உனக்கு யார் என்று கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். அண்ணன் இல்லை, வேறு எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு உங்கள் பாஷையிலும் என் பாஷையிலும் வார்த்தை இல்லை. டீச்சர் எழுதியதுதான் உண்டு. அதை அழிக்க உங்களுக்கோ எனக்கோ என் மகனுக்கோ உரிமை கிடையாது. பாரத்தில் கையெழுத்துப் போடுகிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பேனா இல்லாமல் இல்லை. அந்தப் பேனாதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வாருங்கள். சுஷ்மாவையும் அத்வைத்தையும் கூட்டி வாருங்கள். பேச்சி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன், மெத்தை வெயிலில் காய்கிறது. கார் அனுப்பாதீர்கள், விடுதி ஆளை அனுப்பாதீர்கள். நீங்களே வந்து நின்று கேளுங்கள். கேட்டு, அவர் போகிறேன் என்று சொன்னால் பையை நானே தூக்கி வண்டியில் வைக்கிறேன். ஆனால் அம்மா என்று கூப்பிட்டுக் கேட்காதீர்கள். அம்மா என்று நீங்கள் கேட்டால் அவருக்குச் சரிடா மட்டும்தான் சொல்ல வரும். உங்களைப் பெற்ற நாளிலிருந்து அந்த ஒரு பதில்தான் பழகியிருக்கிறார். பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்னதே கிடையாது.

நீங்களும் உங்கள் குடும்பமும் நல்லபடியாக வந்து, நல்லபடியாகச் சாப்பிட்டு, நல்லபடியாகத் திரும்ப வேண்டும். உங்கள் பிள்ளை உங்களிடம் எதையும் தைரியமாகச் சொல்கிறவனாக வளர வேண்டும். என் இடது கைப் பெருவிரலை மையில் உருட்டிக் கீழே வைத்துவிட்டேன். பெருமாட்டி குப்பண்ணன்.

இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன், மாமி மறுக்கிறார், இருந்தாலும் எழுதுவார். நீங்கள் வரும்போது அவரைப் பேர் சொல்லிக் கேளுங்கள். மரியாதைக் குறைவு இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது யாரும் இல்லை. அவருடைய அப்பா இல்லை. அம்மா இல்லை. அக்கா இல்லை. உங்கள் அப்பா சுந்தரராமன் இல்லை. சண்டை வந்தால் மட்டும் பேர் சொல்லிக் கத்துவாளே, அந்தப் பேச்சியும் இல்லை. நானும் இத்தனை வருஷம் மாமி என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அந்தப் பேரை உயிரோடு வைத்திருப்பது இப்போது அதற்கு உரியவர் ஒருத்தர்தான். போகிறாயா, இருக்கிறாயா என்று அவரைக் கேளுங்கள். பேனா நின்றுவிட்டது. எழுதுங்க, நான் சொன்னா எழுதணும். சேஷம்மாள்.